ரெண்டும் இடது

அந்த நாற்காலி வேண்டாம்மா, அதோட மெத்தையில ஊசி குத்தி வெச்சிருப்பேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ம், இப்ப சொல்லுங்க. உங்க அப்பாவுக்கு ஒரு கோட்டு. அவரோட அந்தப் பாட்டு வந்து நாப்பது வருஷம் ஆச்சுன்னு விழா எடுக்கறாங்க, அதுல போட்டுக்கிட்டு அவர் பாடணும். சரி. கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சும்மா கேக்கணும்போல இருக்கு.

ரெண்டு கையும் இடது கையா வெச்சுத் தைக்கணும். அதை நான்தான் தைக்கணும். தச்சுட்டு நானும் மேடையேறி அவர் பக்கத்துல நிக்கணும்.

கோபமா? எனக்கென்னம்மா கோபம். நீன்னே கூப்பிடச் சொல்றீங்க, உங்க நல்ல மனசு. ஆனா கடைக்கு வந்தவங்களை நீங்கன்னுதான் கூப்பிட்டுப் பழக்கம். அப்படியே இருக்கட்டும்.

பாட்டு தெரியும், கை எப்படித் தப்பும்னு தெரியுமா உங்களுக்கு? இந்தாங்க, காகிதத்தைப் பிடிங்க. இதைத் துணி மேல வெச்சு, சாக்குக்கட்டியால சுத்திக் கோடு போட்டு வெட்டினா ஒரு கை. அடுத்த கைக்கு இதை இப்படிக் குப்புறத் திருப்பணும். திருப்பாம வெட்டினா அதுவும் அதே கையாத்தான் வரும். துணியை மடிச்சு வெட்டினா இந்த வம்பே கிடையாது. ஆனா அன்னிக்கு ஒரு மாப்பிள்ளை கோட்டுக்கு வந்தது கட்டம் போட்ட துணி. கட்டத்துக்குக் கட்டம் பொருந்தணுமேன்னு ஒத்தையா விரிச்சு வெட்டினது. அதுல போச்சு. ஒரு கை முன்னால வளையுது, இன்னொண்ணு பின்னால வளையுது. விடிஞ்சா கல்யாணம், வேற துணி இல்ல. அந்த மாப்பிள்ளை அதையே போட்டுக்கிட்டு நின்னாரு. மோதிரம் போட வலது கையை நீட்டினா, யாரோ பின்னாலேருந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருந்துச்சாம்.

எனக்குன்னு வந்த முதல் கோட்டும்மா அது. கட்டிங் மாஸ்டருக்குக் காய்ச்சல்னு முதலாளி கத்திரியை என் கையில குடுத்திருந்தாரு. அன்னிக்கு ராத்திரியே திரும்ப வாங்கிட்டாரு.

உங்க அப்பா அப்ப அதே கடையில பட்டன் தைப்பாரு. வாய் சும்மா இருக்காது, பாடிக்கிட்டேதான் தைப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே டிபன் பாக்ஸ். அவன் வீட்டுலேருந்து ஒரு நாள், என் வீட்டுலேருந்து ஒரு நாள். அவர்னு சொல்லணும், மன்னிச்சுக்கங்க.

ஆறு மாசம் கழிச்சுத் தையக்காரங்க சங்கத்து ஆண்டு விழா. மேடையேறிப் பாடினாரு. கோட்டு ஒண்ணு, கை ரெண்டு. ரெண்டும் இடது, அய்யோ ரெண்டும் இடது. பாட்டுல வர்ற தையக்காரன் மூக்குக்கண்ணாடிக் காம்பை நூலால கட்டியிருப்பான். மிஷின் மிதிக்கும்போது நாக்கை வெளிய நீட்டிக்குவான். எங்க சங்கத்துல அப்படி ஒருத்தன்தான் இருந்தான். அவன் முன்வரிசையில உக்காந்து கைதட்டிக்கிட்டு இருந்தான். நானும் சிரிச்சேன்மா. எல்லாரும் என்னை எட்டி எட்டிப் பாக்கறாங்க, சிரிக்காம என்ன பண்றது. ஒரு சாயங்காலத்துக் கூத்து, இதோட போயிடும்னு நினைச்சேன்.

எங்க போச்சு? ரேடியோவுல வந்துச்சு. அப்புறம் அது பாட்டு மாதிரியே இல்ல, சளி பிடிச்ச மாதிரி ஊரெல்லாம் ஒட்டிக்கிச்சு. மைதானத்துல ஒருத்தன் கோல் போடத் தவறினா பத்தாயிரம் பேர் ஒரே குரல்ல ரெண்டும் இடதுங்கறாங்க. சட்டசபையில ஒரு மந்திரி கணக்கைத் தப்பாப் படிச்சாருன்னு எதிர்க்கட்சி மேஜையைத் தட்டிக்கிட்டே பாடிச்சு. இப்ப புதுசா வந்த அகராதியில போட்டிருக்காங்களாம், சொதப்பல் வேலைன்னு அர்த்தமாம். போன மாசம் ஃபேன் ரிப்பேர் பண்ண வந்த பையன், பொறந்தே இருபது வருஷம் இருக்காது, ஒயரை மாத்தி மாட்டிட்டு ரெண்டும் இடது பண்ணிட்டேன் சார்ங்கறான். அவன் அந்தப் பாட்டைக் கேட்டதுகூட இல்லையாம். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

என் பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கும்போது பள்ளிக்கூடத்துலேருந்து ஒரு கைதட்டு விளையாட்டு கத்துக்கிட்டு வந்தா. வாப்பா, நான் சொல்லித் தரேன்னு எதிர்ல உக்கார வெச்சா. கையைத் தட்டணும், நாக்கை நீட்டணும், அய்யோன்னு சொல்லணும். நான் நல்லா நாக்கை நீட்டறேனாம். உனக்கு மட்டும் எப்படிப்பா உடனே வருதுன்னு கேட்டா.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கடைசியாப் படுத்திருந்தப்ப, நர்சம்மாவுக்கு ஊசி போட நரம்பு கிடைக்கல. ரெண்டு தடவை குத்திப் பாத்துட்டு, இன்னிக்கு எனக்கு ரெண்டும் இடதும்மான்னு அது பாவம் சிரிச்சுது. என் வீட்டுக்காரி என்னைப் பாத்தா. நான் சன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

அதுக்கப்புறம் கோட்டா? யாரும்மா குடுப்பா. வந்தவன்ல பாதிப் பேர் என் மூஞ்சியைப் பாக்கத்தான் வந்தான். பாருங்க, இந்த அலமாரி முழுக்கத் திரைச்சீலை, தலகாணி உறை, மேஜை விரிப்பு. எதுக்கும் கை கிடையாது. நாப்பது வருஷமா கை இல்லாத துணியா பாத்துத் தச்சுக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தங்க கோட்டு தைக்கணும்னு படியேறி வந்திருக்கீங்க. நீங்க உள்ள வந்து கோட்டுன்னு சொன்னதும் நான் எழுந்தே நின்னுட்டேன், பாத்தீங்கல்ல.

துணியைக் குடுங்க. அட, கட்டம். தேடித்தான் பிடிச்சிருக்காரு. இதைப் போட்டுக்கிட்டு நிக்கற ஆளைப் பாத்து கூட்டம் சிரிக்கும், பக்கத்துல நிக்கற என்னைப் பாத்து இன்னும் கொஞ்சம் சிரிக்கும். அதான் திட்டம்.

வேணாம்னு சொல்லலம்மா. எடுத்துட்டுப் போகாதீங்க, வைங்க இங்க. உடம்பு, காலர், பாக்கெட்டு எல்லாம் நானே வெட்டிடறேன். அன்னிக்கும் அதெல்லாம் நான்தான் வெட்டினேன், அதுல ஒரு குறை சொல்ல முடியாது. கை ரெண்டுக்கும் மட்டும் உங்க அப்பாவை வரச் சொல்லுங்க. அவருக்குத்தான் அது வெட்டிப் பழக்கம்.

ஆமா. அவர்தான். நான் உள்துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். உதவி பண்ணலாம்னு கத்திரியை எடுத்திருக்காரு, நல்ல எண்ணம்தான். முதலாளி யாருடா வெட்டினதுன்னு கேட்டப்ப என்னைப் பாத்தாரு. அவருக்கு வேலை போச்சுன்னா உங்க அம்மா வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டாங்க. நான் நான்தான்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

உங்க அம்மாவுக்கா? நல்லாத் தெரியும். அவங்க கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால என் வீட்டுக்கு வந்து, அண்ணான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ரேடியோவுல வந்த பாட்டுல, அய்யோ ரெண்டும் இடதுன்னு ஒரு பொம்பளைக் குரல் கூடச் சேர்ந்து பாடும். அதுவும் உங்க அம்மாதான்.

தண்ணி குடிக்கறீங்களா? சரி, பாத்துப் போங்க, ரெண்டாவது படி ஆடும். ஞாயித்துக்கிழமை மட்டும் கடை லீவு. மத்த எந்த நாள் வேணா வரச் சொல்லுங்க.