இழுத்தால் அவிழாத துப்பட்டா

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டு மேலே போறேன். டீ இன்னும் கொதிக்கலையாம்… அதனால பெத்தவங்க யாரும் எழுந்து ஓடவும் முடியாது!

நம்ம போர்ட் பிளேர்ல ஞாயித்துக்கிழமை காலையில கூட்டமாக் குன்று ஏறப் போறவங்க இருக்காங்க இல்லையா? அதுக்குத் தலைவி ரெஜினா அக்கா. மத்த நாள்ல பேங்க்ல உட்கார்ந்து காதுக்கே கேட்காம பேசறவங்க. ஞாயித்துக்கிழமை கழுத்துல விசில் ஏறிடுச்சுன்னா அவங்க வேற ஆளு! "அட்டைக்குப் பயந்தவங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க! மத்தவங்க என் பின்னாடி!"

அந்தக் கூட்டத்துக்கு முதல் தடவையா வந்தா தமயந்தி. கூடவே அவ பொண்ணு மகிழினி, ஒண்ணாங்கிளாஸ். தமயந்தி விலங்கியல் எம்.எஸ்ஸி. அந்தப் படிப்பு என்ன செஞ்சுது தெரியுமா? காட்டுல என்னென்ன கடிக்கும்னு லத்தீன் பேரோட பயப்பட வச்சுது!

தோள்பையில என்ன இருக்கு? உப்பு, டெட்டால், குடை, கொசுவத்தி… கொசுவத்திங்க! பகல்ல! நடந்துகிட்டே அதை எங்கே கொளுத்தறது? கேட்டா, "இருக்கட்டும்க்கா"ங்கறா.

அதோட விட்டாளா? ரெண்டு துப்பட்டாவை நீளவாக்குல ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, ஒரு முனையைத் தன் இடுப்புல கட்டினா. மறுமுனையைப் பொண்ணு இடுப்புல கட்டினா. அது சாதாரண முடிச்சு இல்லை. அவ வீட்டுக்காரர் தீவுக்குத் தீவு போற கப்பல்ல வேலை பார்க்கறவர். அவர் கத்துக்கொடுத்த முடிச்சு. பிள்ளை வயித்தை இறுக்காது. ஆனா இழுக்க இழுக்க, முடிச்சு மட்டும் கல்லாகிடும்.

ரெஜினா அக்கா பார்த்தாங்க. "ஏம்மா… பிள்ளையைக் கூட்டிட்டு வந்தியா, ஆட்டை ஓட்டிட்டு வந்தியா?"

"கையை உதறிட்டு ஓடிட்டா என்னக்கா பண்றது?"

நடந்தாங்க. கடலோரக் குன்று மேல ஒரு பங்கர். யுத்த காலத்துல ஜப்பான்காரங்க சிமெண்டுல கட்டினது. சுவத்துல கடலைப் பார்த்த மாதிரி நீளமா ஒரு சந்து, துப்பாக்கி நீட்டறதுக்காக. இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போனதும் டார்ச்சை எல்லாம் அணைச்சிட்டு, கண்ணை மூடிகிட்டுப் பேசாம நிப்பாங்க. அந்த யுத்தத்துல இந்தத் தீவுல செத்துப்போனவங்களை நினைச்சு… கொஞ்ச நேரம்.

நின்னாங்க. ஒரே இருட்டு… ஒரே அமைதி…

"அம்மா! அப்பா கப்பல்!"

குரல் எங்கிருந்து வருது? வெளியே இருந்து! சந்து வழியா நழுவிப் போயிட்டா! எந்த எதிரியும் நுழையக் கூடாதுன்னு யோசிச்சுக் கட்டினவங்க, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையை யோசிக்கவே இல்லை!

இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் பிள்ளை. நடுவுல விறைச்சு நிக்குது துப்பட்டா. பிள்ளை நிக்கறது சின்னத் திட்டு. அதுக்குக் கீழே சரிவு. சரிவுக்குக் கீழே… பாறையும் கடலும். மழை வேற தூற ஆரம்பிச்சிடுச்சு. வெளிப்பக்கம் தரை தாழ்வு; சந்து அவ தலைக்கு மேல, திரும்ப ஏற முடியாது, உள்ளேயிருந்து யார் கையும் எட்டாது. சுவரை ஒட்டியே சுத்தி வரலாம். ஆனா வழி முழுக்கத் தாழம்புதர். ஒரு பிள்ளை குனிஞ்சு வரலாம், பெரியவங்க நுழைய முடியாது.

தமயந்தி இழுத்தா. "வலிக்குதும்மா!" இன்னும் இழுத்தா. ரெண்டு பேர் இடுப்புலயும் முடிச்சு கல்லாப் போச்சு.

"யார்கிட்டயாவது கத்தி இருக்கா?"ன்னு ரெஜினா அக்கா கத்தறாங்க. தமயந்தி பையில எல்லாம் இருக்கு, கத்தி மட்டும் இல்லை. ஏன்? பிள்ளை கையைக் கிழிச்சிடுமாம்!

ரெஜினா அக்கா வாசல் வழியா வெளியே போய், புதரோட இந்த முனைக்கு ஓடினாங்க. "பாப்பா, அவிழ்த்துட்டுச் சுவரை ஒட்டி என்கிட்ட வா!"

"அவிழ்க்காதே! விழுந்துடுவே!" இது அம்மா.

அப்ப அந்தப் பிள்ளை சொல்லுது: "அம்மா, நீ இழுத்துகிட்டே இருந்தா இது வராது. லூஸா விடு. அப்பா லூஸ் விட்டுட்டுத்தான் அவிழ்ப்பாங்க."

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? விடுவீங்களா?

தமயந்தி சந்து கிட்ட வந்தா. சிமெண்டுல கன்னத்தை வச்சு, துப்பட்டாவைக் கொஞ்சம் உள்ளேயிருந்து தள்ளிக் கொடுத்தா. "சுவரைப் பிடிச்சுக்கோ கண்ணு!"

"ரெண்டு கையும் முடிச்சுல இருக்கும்மா. எந்தக் கையால பிடிக்கறது?"

"சரி… சரி… முதுகைச் சுவத்துல சாய்ச்சுக்கோ. கீழே பார்க்காதே. அப்பா கப்பலைப் பாரு."

கொஞ்ச நேரத்துல துப்பட்டா… தொய்ஞ்சு போச்சு. அந்த முனையில யாரும் இல்லை. குரலும் இல்லை. அந்த நேரத்தை எப்படிச் சொல்றது? பெத்தவங்களுக்குச் சொல்லவேண்டாம்.

அப்புறம் கேட்டுது ரெஜினா அக்காவோட விசில்!

முழங்காலெல்லாம் சேறு, முடியெல்லாம் தாழை இலை, வாசல் வழியா வர்றா மகிழினி. வந்ததும் அம்மாவைப் பார்த்து, "நீ ஏம்மா இன்னும் கட்டிகிட்டு நிக்கறே?" அம்மா இடுப்பு முடிச்சையும் அவளே அவிழ்த்துவிட்டா.

கதை அவ்வளவுதான். இதை ஏன் சொன்னேன்? பயத்தை விடுங்கன்னு சொல்றதுக்கா? அது நடக்கற காரியமா? தமயந்தி பயத்தை விடலை, இழுக்கறதைத்தான் விட்டா. ரெண்டும் வேற வேற! இழுத்தப்ப அவ வாயில வந்தது வெறும் கத்தல். தளர்த்தினப்பதான் "முதுகைச் சாய்ச்சுக்கோ"ன்னு பிள்ளைக்கு உதவற ஒரு வார்த்தை வந்துது. பிள்ளைங்க கையில நாம கொடுத்த வித்தை இருக்குங்க. அது வேலை செய்யணும்னா, நம்ம பக்கம் கொஞ்சம் தளரணும்.

வர்ற ஞாயித்துக்கிழமை சின்னப் பிள்ளைங்களுக்கான நடை. யார் யார் அனுப்பறீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்… ஏன் யோசிக்கறீங்க?… இல்லைங்க, அந்தக் கை வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்திருக்கற பிள்ளையை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்களே… அந்தக் கையைத் தூக்குங்க!