இடது கைக்குப் பயிற்சி

நாலாம் வகுப்போடு நின்று மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். பேச்சைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடுவேன். கடலாடியில் பஸ் ஏறியதும், முன்சீட்டில் ஒரு பெண் தன் அண்ணனிடம் சொன்னது என்னை நிமிர வைத்தது.

"அண்ணே, அந்த இடது கைய மடக்கி வை. பாத்தாலே வயிறு எரியுது."

அவன் முன்கம்பியில் உள்ளங்கை, விரல்நுனி என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தான்.

"காங்கோ மேளத்துக்கு ரெண்டு கையும் ஒண்ணுபோல விழணும் தாயி. என் இடது கை சோப்ளாங்கி. எல்லா வேலையும் அதுல செஞ்சாத்தான் வலுக்கும்னு வீடியோவுல சொன்னாப்ல."

"பல்லு வெளக்குன, கதவு தொறந்த. சரி. என்னைய பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையோட அய்யாவுக்கு வெத்தலை பாக்கையுமா இடது கையால நீட்டுவ?"

"வேணும்னா செஞ்சேன்? பழகுன கை முந்திருச்சு."

"மனுசன் காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாரு. இப்ப நயினார்கோவில்ல வேற பொண்ணு பாத்துட்டாக."

அண்ணன் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தான். வண்டி இரண்டு ஊர் தாண்டியது.

"ஆமா, இன்னைக்கு ஒனக்கு எங்கன கச்சேரி?"

தட்டுவது நின்றது.

"நயினார்கோவில்ல."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"அந்த மாப்பிள்ளையோட கல்யாணந்தான். எனக்கே நேத்துத்தான் தெரியும். குழுவுல மொத தடவையா என்னைய உக்கார வைக்கிறாக தாயி. எப்படி வரலைங்கறது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போயி நல்லா வாசி. என்னைய வேணாம்னு போனவன், பொண்டாட்டியோட உக்காந்து கைதட்டட்டும்."