கிருபாவதிக்கு ஒரு எடம்

இல்லீங் பாஸ்டர், காப்பியெல்லாம் வேண்டாங். ஊட்ல ஐஸ் பொட்டில எம் பொண்டாட்டியப் போட்டுட்டு இங்க வந்து காப்பி குடிச்சா எனக்கு எறங்குமா? தண்ணி ஒரு சொம்பு குடுங்க, போதும். நாலு மணிக்கு எடுக்கோணும். ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு. எங்க பங்காளிக, நம்ம சுடுகாட்லதான் எரிக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அவ சாகறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, உங்க கல்லறைத் தோட்டத்துல வெக்கோணும்னு. நீங்க என்னடான்னா, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்கு அங்க எடமில்லைங்கறீங்க. செரி, உங்க சட்டம். கொற சொல்லலீங். நான் பேசறதச் சித்த நேரம் கேட்டுட்டு அப்பறம் முடிவு சொல்லுங்க.

ஆமாங், நாந்தான் தடுத்தேன். இருபத்திரண்டு வருசமா நாந்தான். அத ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

நீங்க இந்த ஊருக்கு வந்து மூணு வருசந்தான ஆச்சு, அவ கதை உங்களுக்கு முழுசாத் தெரியாது. ராசிபுரத்துப் பக்கம் அவங்கப்பன் அம்மா எல்லாம் உங்க பாப்டிஸ்ட் சபைக்காரங்கதான். உங்கள்ல கொழந்தைக்குத் தண்ணி தெளிக்கற பழக்கமில்லையாமே, வெவரந் தெரிஞ்சப்பறம் நம்பறேன்னு வாயால சொல்லி முழுகி எந்திரிக்கோணுமாமே. அதுக்கு அவ பேரு குடுத்து வெச்சிருந்தப்பத்தான் நான் குறுக்க வந்தேன்.

திருச்செங்கோட்ல ஜவுளிக்கடைல சேலைப் பக்கம் நின்னா. எங்கம்மாளுக்குச் சேலை எடுக்கலாம்னு போனவன், அவ தோள்ல போட்டுக் காட்டுன சேலையவே வாங்கிட்டு வந்துட்டேன். எங்கம்மாளுக்கு அந்தக் கலரு ஒட்டவே இல்ல, மூணு மாசம் திட்டுச்சு. அப்பறம் கண்ணாலம். கட்டிக்கிட்டனே, அடங்குனனா? எந்தத் தோளப் பாத்து மயங்குனனோ அதே தோள்ல நாளைக்கு நூறு சேலை போட்டு எவனெவனுக்கோ காட்டறாளேன்னு வயிறு எரிஞ்சுது. எதுத்தாப்புல டீக்கடைல உக்காந்துக்கிட்டு, யாரப் பாத்துச் சிரிக்கறான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். கடைசில மொதலாளிகிட்டச் சண்டை கட்டி, கொழந்தைங்க துணிப் பக்கம் மாத்த வெச்சேன்.

அவ அங்கயும் போயி நல்ல பேரு வாங்குனா. தீவாளி நோம்பி நாள்ல கொழந்தை கூட வர வேண்டாம், வயசையும் புள்ள சாப்புடுமா சாப்புடாதான்னும் கேட்டுட்டு அளவு சரியாச் சட்டை எடுத்துக் குடுப்பா. கிருபாக்கா இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் சனம் படியேறும். எனக்கு அதுலயும் எரிச்சல்.

நான் போர் போடற ரிக்கு வண்டில வருசத்துல ஒம்பது மாசம் சத்தீஸ்கர் பக்கம் போயிருவேன். தெனம் சாயங்காலம் பொழுதோட போன் பண்ணுவேன், எடுப்பா. புதங்கெழம மட்டும் எடுக்க மாட்டா. ஜெபக்கூட்டம். அங்க நான் எழுநூறு அடி போயும் தண்ணி வராம, தோட்டத்துச் சொந்தக்காரன் மொகத்தப் பாக்க முடியாம நிக்கறேன். இங்க இவ கண்ண மூடிக்கிட்டு இன்னொருத்தர்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கா.

சிரிக்காதீங்க பாஸ்டர். உங்களுக்கு அவுரு ஆண்டவரு. எனக்கு? எம் பொண்டாட்டி வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மொதல்ல பேசற ஆளு. நான் பக்கத்துல படுத்திருக்கறப்பவே! எங்கிட்டச் சொல்லாத வெசனத்தையெல்லாம் அவருகிட்டச் சொல்லுவா. முட்டி போட்டே ரெண்டு முட்டியும் கருத்துக் காச்சுப் போச்சு. மனுசனா இருந்தாச் சட்டையப் புடிச்சு என்னடா வேணும் உனக்குன்னு கேட்டிருப்பேன். அவருகிட்ட எங்க போயிச் சண்டை போடறது?

குடும்பத்துலயா? அதுல ஒரு கொற சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிரும். எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்த ரெண்டு வருசமும் கடையில இருந்து வந்து இவதான் அள்ளிப் போட்டா. திருச்செங்கோட்டுத் தேருக்கு என்ற வேட்டியத் தேச்சு வெப்பா, எம் புள்ள சௌமியாளுக்குப் பாவாடை கட்டி என்னோட அனுப்பி வெப்பா. அவ வரமாட்டா, எங்களப் போக வேண்டாம்னும் சொல்ல மாட்டா. புள்ளய நர்சு படிப்புல சேத்ததும் அவதான். நான் ஊர் ஊராச் சுத்தறவன், எனக்கென்ன தெரியும்?

மாசத்து மொத ஞாயித்துக்கெழம உங்களுக்குத் திருவிருந்து. ஒருநா வெளிய வண்டில உக்காந்து சன்னல் வழியாப் பாத்தேன். அப்பத் தட்டு வரிசையா வருது. இவ கைல வாங்குனா, ஒரு துண்டு எடுக்கல, பக்கத்துப் பொம்பளைகிட்டத் தள்ளி வுட்டுட்டுத் தலயக் குனிஞ்சுக்கிட்டா. முழுக்கு எடுக்காதவ தொடக் கூடாதாமே. அப்ப என்ற மனசுல என்ன இருந்துச்சு தெரியுமுங்களா? சந்தோசம். சத்தியமாச் சந்தோசந்தான். இன்னும் இவ முழுசா அவருக்குப் போகல, பாதி எங்கிட்டத்தான் இருக்கான்னு. எப்பேர்ப்பட்ட பாவி பாருங்க. மாசம் ஒருக்கான்னு இருபத்திரண்டு வருசம் அந்தத் தட்டத் தள்ளி வுட்டிருக்கா.

உங்களுக்கு முன்னால இருந்த பெரிய பாஸ்டரு மூணு தடவ ஊடு தேடி வந்து கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். காரணம் சொல்லல. சொன்னா அசிங்கம். ஒருக்கா உங்க கோயிலுக்குப் பின்னால தொட்டில ஒரு வயசுப் புள்ளைக்கு முழுக்கு குடுக்கறதப் பாத்தனுங். பெரிய பாஸ்டரு இடுப்பளவு தண்ணில நின்னு, ஒரு கைய முதுகுல குடுத்து, ஒரு கைல அந்தப் புள்ள கையப் புடிச்சு, மல்லாக்கச் சாச்சு எடுத்தாரு. அந்தப் புள்ள ஒடம்ப அப்படியே நம்பி வுட்டுருச்சு. என்ற பொண்டாட்டி அப்படி இன்னொருத்தர் கைல சாயறத என்னால நெனச்சுப் பாக்க முடியல. அவ்வளவுதான் காரணம். வேற சாமி குத்தமோ சாதிப் பேச்சோ ஒண்ணுமில்ல. அப்பறம் அவ கேக்கறதயே வுட்டுட்டா.

தை மாசம் வயித்து வலின்னா. சேலத்துல பாத்தா கட்டி முத்திப் போச்சுன்னுட்டாங்க. வண்டிய அப்படியே வுட்டுட்டு வந்து சேந்தேன். நீங்களுந்தான் ஊட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுனீங்க. அப்பக்கூட கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், தலைல கை வெக்கறீங்களான்னு. வெக்கல, நல்ல மனுசன் நீங்க.

அப்பவே உங்ககிட்டச் சொல்லியிருக்கலாந்தான். அந்த ஒடம்பத் தண்ணில எறக்க நீங்க பயந்திருப்பீங்க. பயப்படலைன்னாலும் நான் வுட்டிருக்க மாட்டேன். அதனாலதான் போன செவ்வாக்கெழம நானே குடுத்துட்டேன்.

ஆமாங். முழுக்குத்தான்.

ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில துணி தொவைக்கற சிமிட்டித் தொட்டி இருக்குது. தேச்சுக் கழுவி எங்க போர்த் தண்ணிய நெறச்சேன். குளுருமேன்னு ரெண்டு அண்டா வெந்நி வெச்சு ஊத்துனேன். புள்ள காலேஜுக்குப் போயிருந்துச்சு. தூக்குனா எடையே இல்லீங். எதுக்குன்னு அவ கேக்கல, தொட்டியப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு அவளுக்கு. நானும் எறங்கி, ஒரு கைய முதுகுல குடுத்து, ஒரு கைல அவ கையப் புடிச்சேன். நம்பறியான்னு கேட்டேன். நம்பறேனுங்கன்னா. பிதா, குமாரன்னேன். அதுக்கு மேல பேரு எனக்கு வரல. அவளே எடுத்துக் குடுத்தா. முழுசா முழுக்கித்தான் எடுத்தேன், ஒரு முடி வெளிய நிக்கல. எந்திரிச்சு என்ற சட்டையப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, அழுதா, மறுபடியும் சிரிச்சா.

எனக்கு உங்க ஆண்டவர் மேல நம்பிக்கை இல்லீங். இப்பவும் பொறாமதான். கடைசில அவருகிட்டத்தான போயிட்டா? ஆனா நம்புனவ அவ, முழுகுனவ அவ. கை மட்டுந்தான் என்னுது. அது செல்லுமா செல்லாதா, அதச் சொல்லுங்க.

அழுவாதீங்க பாஸ்டர். நானே அழுவல. என்னதுங்க அது, சபை நோட்டா? எழுதுங்க. பேரு கிருபாவதி. வயசு நாப்பத்தி நாலு. தேதி, போன செவ்வாக்கெழம. முழுக்கு குடுத்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குதே, அதுல உங்க பேரப் போட்றாதீங்க. என்ற பேரு, குருமூர்த்தின்னு போடுங்க.