ஒருவருக்கும் குறையாமல் பிரித்த மருந்து

கஞ்சி வார்ப்பதில் எனக்கு நல்ல பெயர், ஐயா. சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் நான் அகப்பை பிடித்தால் வரிசையில் சச்சரவு வராது. ஆட்கள் கூடினால் கிடாரத்தில் இன்னும் ஒரு வாளி தண்ணீர் விடுவேன். ஒருவரும் வெறும் கோப்பையோடு திரும்பியதில்லை. மீளக்குடியேறிய பிறகு அடம்பன் பக்கத்து முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அந்தப் பெயரால்தான்.

சலரோகக்காரருக்கு இன்சுலின் ஊசி போடத் தாதி எடித் பழக்கிவிட்டார். மின்சாரம் இன்னும் வரவில்லை. ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் போத்தல்களை வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, ஆளின் பெயரும் திறந்த நாளும் எடித்தான் எழுதுவார். பெயர் எழுதினாலே வினைதான். மங்கையற்கரசி அம்மாவுக்கு மகன் கொழும்பிலிருந்து தாராளமாக அனுப்புவான். தில்லைநாதன் ஐயாவுக்கு ஒருவருமில்லை. மழையில் பாதை உடைந்து, வெளியே போன எடித்தும் கிளினிக் மருந்தும் வராமல் நின்றபோது அவருடைய போத்தல் முடிந்துபோனது.

"அம்மா, உங்கட போத்தல் ஒண்டை ஐயாவுக்குக் குடுப்பமே?" என்று கேட்டேன்.

"என்ர பிள்ளை எனக்கெண்டு அனுப்பினது. அதைத் தொடாதை."

எனக்குக் கோபமில்லை. ஆனால் பந்தியில் வஞ்சனை எனக்குப் பிடிக்காது. பிளாஸ்டர்களை உரித்தேன். இருந்த மருந்தை எல்லாப் போத்தல்களுக்கும் பிரித்து, மிச்சத்துக்குக் கொதித்தாறிய தண்ணீரை ஏற்றினேன். பார்க்க முன்போலவே தெளிவாக இருந்தது.

முதலில் தாகம் என்றார்கள். செம்பு செம்பாகக் கொடுத்தேன். பிறகு குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தார்கள், மூச்சு இரைத்தது. மருந்தில் தண்ணீர் கலந்தால் ஆள் தப்பாது என்று எடித் முன்பே சொல்லியிருந்தார். பாதை திறக்கவில்லை, மருந்தோ குறைந்துகொண்டு போனது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தேன்.

மங்கையற்கரசி அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, இது என்ர மருந்துதானே?"

"ஓம் அம்மா."

பொய்யில்லை. அதில் அவருடையதும் இருந்தது. அன்றைக்கே அவர் போய்விட்டார். அடுத்தது தில்லைநாதன் ஐயா. எடித் வந்து சேர்ந்தபோது கட்டில்கள் பாதிக்கு மேல் வெறுமை. துக்கமில்லையா என்று கேட்கிறீர்கள். வழி நெடுகப் பிணம் பார்த்து வந்தவளுக்குத் துக்கம் சுணங்கித்தான் வரும். இன்னும் வரவில்லை.

தண்ணீர் விட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் சலரோகம் இருக்கிறதே என்று எடித் சொல்லியிருப்பார். உண்மைதான். என் போத்தலில் மட்டும் நான் தண்ணீர் விடவில்லை. நான் படுத்துவிட்டால் அவர்களை யார் பார்ப்பது?