மதரஸா சுவருக்குள் இருந்த ரொட்டி

என் பெயர் முக்கரம், தகப்பனார் பெயர் யோல்தாஷ், வயது 57, உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் நகரில் பட்டுச் சந்தைக்குப் பின் தெருவில் குடியிருக்கிறேன். பழைய மதரஸாவை ஹோட்டலாக மாற்றும் இடத்தில் வேலையாட்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். அங்கிருந்து பழம்பொருள் திருடியதாக ஒப்பந்தக்காரர் ஷொகிர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எடுத்தது நான்தான். திருட்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கட்டடம் எனக்குப் புதிதல்ல. சினிமாக் கொட்டகையாக இருந்தபோது ஒன்பது வருடம் அங்கே டிக்கெட் கிழித்தேன். பில்லியர்ட்ஸ் கூடமானபோது என் வீட்டுக்காரரை அங்கிருந்துதான் இழுத்து வருவேன். யுத்த காலத்தில் அப்பாவின் குடும்பம் அதன் வடக்கு அறையில் குடியிருந்தது. 1942இல் பெரியப்பா எர்கஷ் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது, எங்கள் வழக்கப்படி ஒரு ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டு மீதியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து அவரேதான் அதைத் தின்ன வேண்டும். அடுத்த வருடம் கட்டடத்தைப் பட்டுக்கூட்டுக் கிடங்காக்க எல்லாரையும் ஒரே நாளில் காலி செய்தார்கள். அப்பாவின் தாயார் பருத்திக் காட்டிலிருந்து ஓடி வந்தபோது சாமான்கள் முற்றத்தில் கிடந்தன, ரொட்டியைக் காணவில்லை. ஏழு வயது அப்பா மட்டும் அங்கே நின்றிருந்தார். பஞ்ச காலம், அவர்தான் தின்றார் என்று முடிவாயிற்று. இரண்டு மாதத்தில் பெரியப்பா இறந்த தபால் வந்தது. “நீ தின்ன ரொட்டிதான்டா அவனத் தின்னுச்சு” என்று சொன்ன தாயார், சாகும்வரை அப்பாவுக்குத் தன் கையால் ரொட்டி பிய்த்துக் கொடுக்கவில்லை. அப்பாவுக்கு இப்போது வயது 88.

இன்று காலை சுமார் பத்தரை மணிக்கு வேலையாள் மன்சுர் வடக்கு அறையில் பூச்சை இடித்தபோது, செங்கல் வைத்து அடைத்த மாடம் ஒன்று திறந்துகொண்டது. அவன் உள்ளிருந்து எதையோ எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, சாரத்தின் மேல் பலகையில் வைத்தான். ரொட்டியைத் தவிர வேறெதையும் நாங்கள் அப்படி வைப்பதில்லை. அதன் பிறகு நான் கரண்டியும் கையுமாகச் சாரத்தில் ஏறினேன். ஓடு மாதிரி காய்ந்த ரொட்டி, நடுவில் அச்சு குத்திய பூ, பூவில் ஓர் இதழ் இல்லை. எங்கள் வீட்டு ரொட்டி அச்சில் அந்த இதழின் முட்கள் அப்பா பிறக்கும் முன்பே உடைந்து போனவை. நேற்றும் அதை வைத்துத்தான் குத்தினேன். ரொட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு கடி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கிடங்கு வேலைக்கு வந்த கொத்தனாருக்கு ரொட்டியைக் குப்பையில் போட மனம் வந்திருக்காது. யார் காலிலும் படாமல் மாடத்தில் வைத்துப் பூசிவிட்டார், புண்ணியவான்!

அதன் பிறகு ஷொகிர் வந்தார். “அக்கா, அது மியூசியத்துக்குப் போற பொருள். கீழ வை.”

“எங்க வீட்டு ரொட்டிய எங்கப்பா பாக்கறதுக்கு முன்னாடி எந்த மியூசியமும் பாக்காது. தள்ளுடா!”

கரண்டி அவர் தோளில் பட்டது உண்மை. அதிலிருந்த எண்ணெய் அவர் சட்டையில் ஒழுகியதும் உண்மை.

அதன் பிறகு ரொட்டியைத் தலைத்துணியில் முடிந்துகொண்டு கடைவீதி வழியாக ஒற்றைச் செருப்போடு ஓடினேன். அப்பாவின் மடியில் வைத்தேன். அவர் அந்தக் கடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“ஒரு கடிதானா? நல்லாப் பாரு, எனக்குக் கண்ணு தெரியல.”

“ஒண்ணே ஒண்ணுதான்ப்பா.”

மூன்று முறை கேட்டார். பிறகு, “என் கம்ப எடு. அம்மாகிட்டக் காட்டணும்” என்றார். இரண்டு வருடமாக வாசல் தாண்டாத மனிதர் எனக்கு முன்னால் நடந்தார். அவருடைய தாயாரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்து வாசலில் உங்கள் ஜீப் எங்களை மறித்து இங்கே கொண்டுவந்தது.

அப்பா இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு காவலர்கள் கேட்டும் ரொட்டியை விடவில்லை. அதை மியூசியத்துக்கே கொடுத்துவிடுகிறேன், ஷொகிரின் சட்டையையும் துவைத்துத் தருகிறேன். கல்லறைத் தோட்டத்துக் கதவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் ஒரு காவலரோடு எங்களை அனுப்பி வையுங்கள். அவர் இன்னும் தாயாரிடம் சொல்லவில்லை.

இதில் கண்டவை நடந்தது நடந்தபடியே. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) முக்கரம்