மணி அடிக்காத காலை

ட்ரீனா: ...அதான் சிரில் இன்னைக்கும் மணி அடிக்கல. கடல் சரியில்லையாம்.

ஈடித்: சரியில்லதான்க்கா. நானும் பார்த்தேன்.

ட்ரீனா: எங்கேர்ந்து பார்த்தே?

ஈடித்: ஜன்னல்லேர்ந்து... அலை இருக்கு.

ட்ரீனா: இருக்கா?

ஈடித்: பாறைக்கு அந்தப் பக்கம். லேசா.

ட்ரீனா: கோழிய விட்டாக்கூட நீந்திட்டு வந்துடும் போலிருக்கு. ஆனா நீ சொன்னா சரி.

ஈடித்: நான் எங்கக்கா சொன்னேன்? படகு போகலாமா வேண்டாமான்னு பார்த்து மணி அடிக்கிறவர் உங்க வீட்டுக்காரர். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ட்ரீனா: கப்பல்காரன்தான் பாவம். சிங்கி இறால் வரும்னு காத்துக்கிட்டு, ஊதி ஊதிப் பார்க்கிறான்.

ஈடித்: ஊதட்டும்... நாளைக்கு அடிப்பாரா?

ட்ரீனா: எத்தன தடவ கேப்பே?

ஈடித்: கிழங்கு உரிக்கிறப்ப வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

ட்ரீனா: உன் புருஷன் பேசில் எங்க?

ஈடித்: கிழங்குத் தோட்டத்துல.

ட்ரீனா: அது வழியாத்தானே வந்தேன்.

ஈடித்: அப்ப... ஆடுங்களப் பார்க்கப் போயிருப்பாரு.

ட்ரீனா: உள்ள யாரோ இருமுறாங்க.

ஈடித்: நாய்.

ட்ரீனா: நாய்க்குச் சளியா? பாவம்.

ஈடித்: அக்கா... மணி அடிச்சு ஒருத்தர் வரலன்னா, அவர் துடுப்பு அடுத்த ஆளுக்குப் போயிடும்னு ஒண்ணு இருக்கே. அது இப்பவும் அப்படித்தானா?

ட்ரீனா: அப்படித்தான். முதல்ல இங்க குடியேறினவங்க பேசி வச்சது. ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் கிடையாது. போனா எல்லாப் படகும் போகணும், இல்லன்னா ஒண்ணும் போகக் கூடாது. ஒரு துடுப்பு குறைஞ்சா அந்தப் படகு கரையில நின்னுடுமே.

ஈடித்: தெரியும்...

ட்ரீனா: ஆம்பளைங்களோட ஒரு படகே முழுகிப் போயிடுச்சே, அந்த வருஷம்கூட மணி சத்தத்துக்கு எல்லாப் படகும் போச்சு. செத்தவங்க துடுப்ப அவங்கவங்க வீட்டுப் பொம்பளைங்க எடுத்துக்கிட்டாங்க.

ஈடித்: என் மாமனாரோட அம்மா அதுல ஒருத்தி. அந்தத் துடுப்புதான் இவர் கைக்கு வந்திருக்கு. ஒரு மணிகூடத் தவறினதில்ல.

ட்ரீனா: எரிமலை வெடிச்சு நம்மள அயல்தேசத்துக்குக் கொண்டுபோனப்ப நீ கைக்குழந்தை. வேலை, கரண்டு, கல்வீடு எல்லாம் குடுத்தாங்க. எங்களுக்கு மட்டும் காலைல தூக்கம் போயிடும். மணி அடிக்கலையேன்னு எழுந்து உக்காந்திருப்போம். சாம்பல் ஆறினதும் இங்கயே திரும்பி வந்துட்டோம்.

ஈடித்: எங்க படகுல அடுத்த ஆள்... உங்க பையன் லார்ஸ்தானே?

ட்ரீனா: ஆமா. ரெண்டு வருஷமா கரையில நின்னு வலை உலர்த்துறான். துடுப்பு இல்லாதவனுக்குப் பொண்ணு தர மாட்டோம்னு ஒரு வீட்டுல சொல்லிட்டாங்க.

ஈடித்: அந்தக் கத்தியக் குடுங்கக்கா, இது மழுங்கிடுச்சு.

ட்ரீனா: ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பேசில் பாட்டுப் புத்தகத்த இடது கையில பிடிச்சிருந்தான்.

ஈடித்: அப்படியா.

ட்ரீனா: தலைகீழா.

ஈடித்: பாறையில வழுக்கிட்டாருக்கா. வலது தோள். துடுப்பு இருக்கட்டும், கரண்டியக்கூடத் தூக்க முடியல. வெளிய சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. துடுப்பு போச்சுன்னா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. சிரில் அண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சா...

ட்ரீனா: தெரியும்டி. தீவுக்கே தெரியும்.

ஈடித்: அப்ப கடல் சரியில்லன்னது?

ட்ரீனா: மணி அடிச்சு வரலன்னாத்தானே துடுப்பு போகும்? அடிக்கவே இல்லன்னா? ஒவ்வொரு படகு ஆளா வந்து, அலை மோசம்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஈடித்: எல்லாருமா?... லார்ஸ் என்ன சொன்னான்க்கா?

ட்ரீனா: அவங்கப்பாவ எழுப்பினதே அவன்தான். அலை ஜாஸ்திப்பா, அடிக்காதீங்கன்னான். அப்போ அவன் கதவக்கூடத் திறந்து பார்க்கல.