வழிமொழிந்தவளின் வாக்குமூலம்

அவைக்குத் தலைமையேற்று, மணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருக்கும் தலைவர் இராஜேந்திரன் அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்த முதியோரே! பிள்ளைகளின் கைப்பேசிகளைப் பறித்துப் பைக்குள் வைத்திருக்கும் தாய்மாரே! நகரின் வடக்கே எட்மண்டனிலிருந்து இரண்டு ரயில் மாறித் தெற்கே தோர்ண்டன் ஹீத் வந்திறங்கிய எங்கள் சங்க உறவுகளே! உங்கள் செயலாளர் கமலாம்பிகையின் கைகூப்பிய வணக்கம்!

இன்று நான் பேச வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

சென்ற மாதப் பொதுக்கூட்டம் நினைவிருக்கிறதா? கடைசித் தீர்மானம். நேரம் இரண்டு மணி. அடுத்த அறையிலே ஆட்டுக்கறிச் சட்டியின் மூடி திறந்தாயிற்று. எங்கள் அணிக்குப் போட்டி அணி வைத்திருக்கும் நம் யோகலிங்கம் அண்ணை எழுந்து, "நிருவாகத்தை நிலையாக்கும் திருத்தம்" என்றார். "ஆர் வழிமொழியிறது?" என்று கேட்டார் தலைவர். ஒரு கை உயர்ந்தது. பசித்த கை! படிக்காத கை! அந்தக் கை, இந்தக் கை! பின்னாலே நூறு கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேற்றிவிட்டுத் தட்டோடு ஓடினோம்.

வீட்டுக்குப் போய்த்தான் திருத்தத்தை வாசித்தேன். "தெரிவாகும் அணி, தானாக விலகும்வரை பதவியில் இருக்கும், இனித் தேர்தல் இல்லை."

நம் சங்க யாப்பின் விதிப்படி எந்தத் திருத்தமும் இரண்டு கூட்டங்களில் நிறைவேற வேண்டும். இரண்டாவது கூட்டம், இதோ, இதுதான்! இன்றும் கை தூக்கினால், இனி எவரும் கை தூக்க வேண்டியதே இல்லை.

யோகலிங்கம் அண்ணையிடமே போய்க் கேட்டேன். "தங்கச்சி, சனம்தானே கை தூக்கினது? சனம் விரும்பினா ஏலாதோ?" என்றார்.

ஏலாது அண்ணை! இன்றைய சனம் நாளைய சனத்தின் வாயைக் கட்ட ஏலாது!

ஜேர்மனியைப் பாருங்கள். வாக்குக் கேட்டு வந்தவர்களே அங்கே வாக்குரிமையை விழுங்கினார்கள். பட்டறிந்த பின்பு அந்த நாடு எழுதிய சட்டம் என்ன சொல்கிறது? சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையும் அழிக்க முடியாது. மக்களாட்சியை ஒழிக்கப் புறப்படும் கட்சியைத் தடைசெய்யலாம். தடைசெய்வது யார்? ஆளும் கட்சியா? அல்ல, அரசமைப்பு நீதிமன்றம்! அது ஆதாரம் கேட்கும். ஒருமுறை, "இக்கட்சியின் நோக்கம் கெட்டதுதான், ஆனால் சாதிக்கும் வலு இல்லை" என்று தடைசெய்ய மறுத்தும் விட்டது.

என்ன, பின்வரிசை யதுசன், "எங்கட அண்ணைக்கு வலு இருக்கோ?" என்றா கேட்கிறீர்? நூறு கைகளைத் தூக்க வைத்தவருக்கா, தம்பி, வலுவில்லை?

தலைவர் சிரிக்கிறார். சிரியாதீர்கள் தலைவரே! நேற்றுத் தொலைபேசியில் என்ன சொன்னீர்கள்? "பிள்ளை, யோகலிங்கத்தின்ர அணியைத் தடைசெய்து ஒரு கடிதம் அடியும், நான் கையெழுத்து வைக்கிறன்." போட்டியாளரைத் தடைசெய்யப் போட்டியாளரே கையெழுத்து வைப்பதா? பூட்டு வேண்டும்தான், சாவி உங்களிடமும் இருக்கக் கூடாது, என்னிடமும் இருக்கக் கூடாது. மணியை அடிக்காதீர்கள், முடிக்கிறேன்!

என் வழிமொழிதலை இங்கேயே மீளப்பெறுகிறேன். மாற்றாக ஒன்றை முன்மொழிகிறேன்: ஆண்டுத் தேர்தலை எவரும் எக்காலத்திலும் நீக்க முடியாது, நீக்க முயலும் அணியை விசாரிப்போர், எந்த அணியையும் சேராத மூவர். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கை தூக்குங்கள்.

யோகலிங்கம் அண்ணை! உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் தேர்தலில் நில்லுங்கள். எங்களைத் தோற்கடியுங்கள். என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை போட்டு, மேடையேற்றி, முதல் ஆளாய்க் கை தட்டுவேன். அடுத்த ஆண்டு உங்களைத் தோற்கடிக்க நான் வருவேன். வரும் வழியை மட்டும் அடைக்காதீர்கள்!

பசியையும் பொறுத்துச் செவி தந்த சபைக்கு நன்றி. வணக்கம்!